நாற்பது பேருக்கும் ஆட்டம்: ஆண்டுத் திட்டம் போடும் விதம்

பி.இ.டி. பீரியட் நடக்கும்போது மைதானத்தின் ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு, நாற்பது பேர், கிரிக்கெட் நடக்கிறது. பந்து போடுபவன், அடிப்பவன், பந்தைத் துரத்துபவன் என்று மூன்று பேர் அசைகிறார்கள். பத்துப் பதினைந்து பேர் ஃபீல்டிங் என்ற பெயரில் நிற்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் வேப்பமரத்தடியில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். யாரும் சண்டை போடவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, தலைமையாசிரியருக்கும் புகார் போகவில்லை. ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தில் உடற்கல்வி கிடைத்தது மூன்று பேருக்குத்தான்.

ஆண்டுத் திட்டம் போட உட்காரும் உடற்கல்வி ஆசிரியர் மனத்தில் நிறுத்த வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். பள்ளி அணிக்குத் தேர்வாகும் பன்னிரண்டு பேர் நீங்கள் திட்டம் போடாவிட்டாலும் விளையாடுவார்கள். காலையில் உங்களுக்கு முன்பே வந்து அறைச் சாவி கேட்பார்கள். திட்டம் மற்றவர்களுக்காகப் போடுவது. பந்து தன் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்காகப் போடுவது.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பாடவேளை, 80 நிமிடம். அதை வைத்துக்கொண்டு மொத்தத் தேவையையும் நிரப்ப முடியாது. ஆகவே நம் வேலை இரண்டு. அந்த 80 நிமிடத்தில் எல்லோரையும் அசைய வைப்பது ஒன்று. பள்ளி விட்ட பிறகு தெருவிலும், படிப்பு முடிந்த பிறகு ஊரிலும் தானாகவே போய் ஆடும் அளவுக்கு ஏதாவது ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை பழக வைப்பது மற்றொன்று. எந்தப் பிள்ளைக்கு எந்த ஆட்டம் ஒட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வகைவகையாகக் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

நாட்காட்டியை முதலில் விரியுங்கள்

ஜூனில் பள்ளி திறந்து ஏப்ரலில் முடிகிறது. வாரம் இரண்டு பாடவேளை என்றால் தாளில் 80 வரும். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, வடகிழக்குப் பருவமழை, பள்ளி விழாக்கள், போட்டிகளுக்கு அணியை அழைத்துப் போகும் நாட்கள் எல்லாம் கழித்தால் கைக்கு வருவது 50 முதல் 60. ஓர் ஆட்டத்தை நான்கு பாடவேளையில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு விதி மட்டும்தான் தெரியும், ஆடத் தெரியாது. பன்னிரண்டு பாடவேளைக்கு இழுத்தால் பிடிக்காத பிள்ளைக்குச் சலித்துவிடும். ஓர் அலகுக்கு ஏழு பாடவேளை என்பது நடைமுறையில் சரியாக வருகிறது. அப்படியானால் ஓர் ஆண்டுக்கு ஏழு அலகுகள், அதற்கு மேல் சில பாடவேளைகள் கையிருப்பு. எட்டாவது அலகைத் திணிக்காதீர்கள். மழையும் திடீர்க் கூட்டங்களும் அந்தக் கையிருப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

அலகுகளை வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப அடுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் ஓடித் தொடும் ஆட்டங்கள். அதிக ஏற்பாடு தேவையில்லை, புது வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வலை ஆட்டங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தாழ்வாரத்திலும் கூடத்திலும் செய்யக்கூடியவை. ஜனவரியும் பிப்ரவரி முற்பாதியும் ஆண்டிலேயே நல்ல காலம். தடகளத்தையும் நீண்ட ஓட்டத்தையும் அதற்கென்று ஒதுக்கிவையுங்கள். மார்ச்சில் நிழலில் ஆடும் குறுகிய ஆட்டங்கள். 600 மீட்டர் ஓட்டத்தை ஏப்ரல் மத்தியானத்தில் வைப்பது ஆபத்து. கால அட்டவணை போடும்போது உங்கள் பாடவேளைகள் முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ வரும்படி தலைமையாசிரியரிடம் மே மாதமே பேசிவிடுங்கள். ஜூன் பிறந்த பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

பெயர்ப் பட்டியலை விட்டு வகையைப் பாருங்கள்

கபடி, கோகோ, வாலிபால், எறிபந்து, கால்பந்து, பூப்பந்து என்று எழுதிக்கொண்டே போனால் பட்டியல் நீளும். பிள்ளைக்குக் கிடைக்கும் அனுபவம் நீளாது. எறிபந்தும் வாலிபாலும் பூப்பந்தும் வேறு வேறு பெயர்களில் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: எதிராளி இல்லாத இடம் எங்கே, அங்கே பந்தை எப்படி விழவைப்பது? இப்படி ஒரே கேள்வி கேட்கும் ஆட்டங்களை ஒரு குடும்பமாகச் சேர்த்துக்கொண்டால் திட்டம் எளிதாகிவிடும்.

ஓடித் தொடும் குடும்பத்தில் கபடி, கோகோ, கிளித்தட்டு. வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் குடும்பத்தில் வளையப்பந்து, எறிபந்து, வாலிபால், பூப்பந்து, ஷட்டில். எதிராளியின் எல்லைக்குள் புகுந்து கோல் போடும் குடும்பத்தில் கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து, ஹாக்கி. அடித்துவிட்டு ஓடும் குடும்பத்தில் கிரிக்கெட், கிட்டிப்புள். அடுக்கிய கற்களைப் பந்தால் கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்கும் ஏழு கல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தன் பழைய அளவைத் தானே தாண்டும் குடும்பத்தில் ஓட்டம், தாண்டுதல், எறிதல், கயிறாட்டம். உடலைத் தன் வசத்தில் வைக்கும் குடும்பத்தில் யோகா, குட்டிக்கரணம் போன்ற தரைப் பயிற்சிகள், சிலம்பம், ஒயிலாட்டம், கும்மி.

ஆக ஆறு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் அலகு கட்டாயம். ஏழாவது அலகு உங்கள் ஊருக்கும் உங்கள் கைத்திறனுக்கும் உரியது. ஊரில் சிலம்ப ஆசான் இருந்தால் சிலம்பம். பக்கத்தில் நல்ல ஹாக்கி மைதானம் இருந்தால் ஹாக்கி. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். திருவிழாவில் மட்டும் சுற்றுவது என்ற எண்ணம் மாறும். ஆனால் முதல் மூன்று பாடவேளைக்குக் கம்பைக் கையில் கொடுக்காதீர்கள். காலடி பழகட்டும். கம்பு வந்த பிறகு ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இரண்டு கம்பு நீளம் இடைவெளி. நாற்பது பேருக்கு இடம் போதாவிட்டால் இருபது பேர் சுற்ற, இருபது பேர் காலடி வைக்கட்டும்.

வலை ஆட்டத்தை ஐந்து ஆண்டுக்கு விரிப்பது

வகை இருந்தால் மட்டும் போதாது, ஏறுமுகம் வேண்டும். ஆறாம் வகுப்பிலும் எறிபந்து, எட்டாம் வகுப்பிலும் அதே எறிபந்து, பத்திலும் அதே என்று போனால் ஐந்து ஆண்டில் பிள்ளை ஓர் ஆண்டுப் பாடத்தைத்தான் படித்திருக்கிறது. ஒரு குடும்பத்தை எடுத்து விரித்துக் காட்டுகிறேன்; மற்றவற்றை இதே முறையில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஆறாம் வகுப்பில் வளையப்பந்து. ரப்பர் வளையம் விலை குறைவு, காற்று இறங்காது, கையில் பட்டால் வலிக்காது. பந்துக்குப் பயப்படும் பிள்ளை வளையத்துக்குப் பயப்படுவதில்லை. வலை தேவையில்லை, இரண்டு மரங்களுக்கு இடையே அல்லது இரண்டு கம்பங்களுக்கு இடையே நீளமாக ஒரு கயிறு கட்டினால் அதன் இருபுறமும் பத்து ஜோடிகள் நிற்கலாம். இருபது வளையம் இருந்தால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம். பத்து வளையம் இருந்தால் இருவருக்கு இருவராக ஆடலாம். ஒரு கையால் பிடித்து, நிறுத்தாமல் திருப்பி எறிய வேண்டும் என்ற விதியை மூன்றாவது பாடவேளையில் கொண்டுவாருங்கள். முதலில் இரு கையாலும் பிடிக்கட்டும். இந்த அலகின் முடிவில் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எதிரில் நிற்பவருக்கு எட்டாத இடத்தைப் பார்த்து எறிவது.

ஏழாம் வகுப்பில் எறிபந்து. பந்து பெரிதாகிறது, கூட்டாளிகள் வருகிறார்கள். முறையான ஆட்டத்தில் பக்கத்துக்கு ஏழு பேர். பாடவேளையில் நான்கு பேர் போதும். ஏழு பேர் நின்றால் பின்வரிசைப் பிள்ளைக்குப் பந்து வருவது அபூர்வம். பிடித்த பந்தை மூன்று நொடிக்குள் தோளுக்கு மேலிருந்து எறிய வேண்டும் என்ற விதி நின்று யோசிக்கும் பழக்கத்தை உடைக்கும்.

எட்டாம் வகுப்பில் வாலிபால். இங்கேதான் பெரும்பாலான பள்ளிகளில் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. நன்றாக ஆடும் ஆறு பேர் தொடர்ந்து ஆட, மற்றவர்கள் கை சிவந்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆடவர் ஆட்டத்தில் வலை உயரம் 2.43 மீட்டர், மகளிர் ஆட்டத்தில் 2.24 மீட்டர். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். கயிற்றை 2 மீட்டரில் கட்டுங்கள். இரண்டாவது தொடுதலில் பந்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுக்கலாம் என்று அனுமதியுங்கள். மூன்று தொடுதலும் நடக்கத் தொடங்கும், ஆட்டம் அறுந்துபோகாது. பந்து கெட்டியாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். பக்கத்துக்கு மூன்று பேர். சர்வீஸ் போட வராதவர்கள் முன்னால் வந்து எறிந்து தொடங்கலாம். நான்காவது பாடவேளையில் பிடிக்கும் அனுமதியைத் தாங்களே விட்டுவிட விரும்பும் அணிகள் விடட்டும்.

ஒன்பதில் பூப்பந்து. தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்த ஆட்டத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளே கைவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்? கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், மட்டை. முந்தைய மூன்று ஆண்டில் வெற்றிடம் பார்க்கக் கற்ற பிள்ளை மட்டையோடு அதே வேலையைச் செய்யும். பத்தில் இந்த நான்கில் எதை வேண்டுமானாலும் அணியாகச் சேர்ந்து தேர்ந்தெடுத்து, தாங்களே நடுவர் வைத்து, தாங்களே போட்டி அட்டவணை போட்டு நடத்தட்டும்.

ஆட்டத்தைச் சிறிதாக்குதல்

முழு ஆட்டம் போட்டிக்கு உரியது. பாடவேளைக்கு அதை வெட்டிச் சுருக்க வேண்டும். கோகோவையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேர் கொண்ட துரத்தும் அணியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் துரத்துவார். எதிரணியில் மும்மூன்று பேராக உள்ளே இறங்குவார்கள். அதாவது ஒரே ஆடுகளம் போட்டால் நாற்பது பேரில் எந்த நொடியிலும் ஓடுவது நான்கு பேர். அருமையான ஆட்டம், ஆனால் இந்த அளவில் வகுப்புக்கு ஆகாது. நீளத்தைப் பாதியாக்கி நான்கு களம் போடுங்கள். களத்துக்குப் பத்துப் பேர்: நால்வர் உட்கார, ஒருவர் துரத்த, எதிரணி ஐவரில் இருவர், பிறகு மூவர் உள்ளே. ஒரு முறைக்கு இரண்டு நிமிடம். உட்கார்ந்திருப்பவருக்கும் நொடிக்கு நொடி ‘கோ’ விழும். கம்பம் இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டில் போதும்.

கால்பந்தில் பத்து அணிகள், அணிக்கு நால்வர், கோல்கீப்பர் இல்லை, செருப்பு இரண்டே கோல் கம்பம். ஐந்து பந்து வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் மூன்று களத்தில் இருபத்துநான்கு பேர் ஆட, பதினாறு பேர் கயிறாட்டம் ஆடி ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். கிரிக்கெட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. பையன்கள் அதற்காகத்தான் மைதானத்துக்கே வருகிறார்கள். எட்டுப் பேருக்கு ஒரு களம், ஜோடி ஜோடியாக மட்டை, ஜோடிக்கு இரண்டு ஓவர், அவுட் ஆனாலும் ஐந்து ரன் கழித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று விதி செய்யுங்கள். ரப்பர் பந்து மட்டும்.

கபடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காயம் அங்கேதான். கட்டாந்தரையில் கபடி வேண்டாம். மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி, முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து வையுங்கள். முதல் இரண்டு பாடவேளை விழப் பழகுவதற்கு மட்டும்: கையை ஊன்றாமல் தோள் சாய்த்து விழுவது. பிறகு தொடுதல் மட்டும் உள்ள ஆட்டம். கணுக்கால் பிடி, இடுப்புப் பிடி, சங்கிலி எல்லாம் எட்டாம் வகுப்புக்குப் பிறகுதான். எடை வித்தியாசம் பெரிதாக உள்ளவர்களை எதிரெதிர் நிறுத்தாதீர்கள்.

கிளித்தட்டை மறந்துவிடாதீர்கள். சுண்ணாம்புத் தூளைத் தவிர எதுவும் தேவையில்லாத ஆட்டம். கோட்டில் மறிப்பவரும் தாண்டிப் போகிறவரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

மழை நாட்களும் ஆசிரியர் இல்லாத நாட்களும்

மழை என்றால் வகுப்பில் அமைதியாக உட்கார் என்பது திட்டமில்லாதவர் செய்வது. தாழ்வாரத்தில் ஒயிலாட்ட அடவுகள், கையில் ஒரு கைக்குட்டை, கைபேசியில் ஒரு தாளம் போதும். பையன்கள் முதல் பாடவேளையில் வெட்கப்படுவார்கள், மூன்றாவதில் வரிசை தப்பினால் தங்களுக்குள் திட்டிக்கொள்வார்கள். யோகா, கயிறாட்டம், சதுரங்கம், முதலுதவி ஆகியவற்றையும் இங்கே வையுங்கள். சுளுக்குக்கு என்ன செய்வது, வெயிலில் மயங்கியவரை எப்படிக் கிடத்துவது, நெஞ்சை அழுத்தி உயிர்மூச்சு மீட்பது எப்படி என்பதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கற்க வேண்டியவை. இடிச் சத்தம் கேட்டால் அந்த நொடியே எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் மைதானம். மரத்தடி ஒதுங்கவே கூடாது.

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று நீங்கள் அணியோடு போகும் நாட்களில் மற்ற நானூறு பேர் என்ன செய்வார்கள்? வகுப்புக்கு இரண்டு விளையாட்டுத் தலைவர்கள், ஒரு பையன், ஒரு பெண். அவர்கள் கையில் ஓர் அட்டை: எந்தக் களம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், பொருட்களை யார் திருப்பி வைப்பது. மேற்பார்வைக்கு வரும் ஆசிரியருக்கு அதே அட்டையின் நகல். அவருக்கு விதி தெரிய வேண்டியதில்லை. அங்கே இருந்தால் போதும்.

ஓரத்தில் உட்காரும் பிள்ளைகள்

ஏழாம் வகுப்பின் பிற்பாதியில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகத் தொடங்குவார்கள். சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுடிதாரும் துப்பட்டாவும் ஓட விடுவதில்லை. மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை இல்லை. மேல் வகுப்புப் பையன்கள் பார்க்கிறார்கள். மாதவிடாய் நாளில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தீர்வு உண்டு. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு டி-சர்ட் போட்டுக்கொள்ள அனுமதி வாங்குங்கள். மைதானத்தின் நல்ல பாதியை வாரத்தில் ஒரு பாடவேளை அவர்களுக்கே கொடுங்கள். சுவரோரத் துண்டை அல்ல. மாதவிடாய் நாளில் முழுதாக ஆடலாம், நடக்கலாம், ஸ்கோர் எழுதலாம், எது வேண்டுமோ அதைத் தானே தேர்ந்துகொள்ளலாம், காரணம் கேட்கப்படாது என்று ஆண்டின் தொடக்கத்திலேயே ஓர் ஆசிரியை மூலம் சொல்லிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையை ஸ்கோர் எழுதுவதோடு நிறுத்திவிடுவது நம் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு, சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டத் தொடங்கியவர். எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் விதியை வளைக்க நாம் தயாராக இருக்க வேண்டும். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு வளையப்பந்துக் களத்தை ஒரு பக்கம் மட்டும் சுருக்கலாம். பார்வை குறைந்த பிள்ளைக்கு மணி கட்டிய பந்து. என்ன வசதிப்படும் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். நம்மைவிட நல்ல யோசனை வைத்திருக்கும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் ஜூனிலேயே எழுதி வாங்குங்கள்.

மதிப்பெண்

வேகமாக ஓடுபவருக்கு அதிக மதிப்பெண் என்றால் பிறக்கும்போதே வாங்கி வந்ததற்கு மதிப்பெண் போடுகிறோம். ஃபிட் இந்தியா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உள்ள சோதனைகளான 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுதல், வயிற்றுப் பயிற்சி, தண்டால் ஆகியவற்றை ஜூலையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மதிப்பெண். இதோடு வருகை, ஓர் ஆட்டத்தில் காட்டிய திறன், நடுவராகவோ தலைவராகவோ செய்த வேலை. உயரம், எடை பார்க்கும்போது மட்டும் ஒவ்வொருவராகத் தனியே அழையுங்கள். எடையைச் சத்தமாக வாசிப்பது ஒரு பிள்ளையை ஐந்து ஆண்டுக்கு மைதானத்திலிருந்து விரட்டிவிடும்.

ஒன்பதும் பத்தும்

அகலம் முதல் மூன்று ஆண்டுக்கு. ஆழம் அடுத்த இரண்டுக்கு. ஒன்பதாம் வகுப்பில் நான்கு அலகு நீங்கள் வைப்பது, இரண்டு அவர்கள் தேர்ந்தெடுப்பது. பத்தில் இரண்டு உங்களுடையது, மூன்று அவர்களுடையது. பாடவேளையே கிடைப்பதில்லை என்பீர்கள். பத்தாம் வகுப்பின் பி.இ.டி. பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுவது உண்மைதான். வாய்ச்சண்டையில் அதை மீட்க முடியாது. எழுதப்பட்ட ஆண்டுத் திட்டம், அலகுவாரியான தேதிகள், ஜூலைச் சோதனை அளவுகள் மூன்றையும் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு, இந்தத் தேதியில் இந்த அலகு நடக்கிறது என்று சொல்லுங்கள். ‘சும்மா விளையாடுகிற நேரம்’ என்று பெயர் இருக்கும்வரைதான் அதைக் கடன் கேட்பார்கள். பொருட்களுக்கும் அப்படியே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விளையாட்டு மைதானத்தையும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்களையும் பள்ளிக்கு வேண்டியவையாகக் குறிப்பிடுகிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும் அதைச் சுட்டிக்காட்டியே கேட்கலாம்.

ஏப்ரலில் தேர்வுப் பணி தொடங்குவதற்குமுன் ஒரு மாலை ஒதுக்கித் திட்டக் குறிப்பேட்டைத் திறங்கள். எந்த அலகில் ஓரத்தில் நின்றவர்கள் அதிகம், எந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் மாலையிலும் தொடர்ந்து ஆடினார்கள், எந்த மாதத்தில் மழை எத்தனை பாடவேளையைத் தின்றது என்று எழுதுங்கள். கிழிந்த பந்துகளையும் அறுந்த கயிறுகளையும் எண்ணி, ஜூனுக்கு வேண்டிய வளையங்களுக்கும் பந்துகளுக்கும் அன்றே கோரிக்கை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.